சிவப்பா, பச்சையா?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகள் தீப்பிடித்துக்கொள்ளும். மேப்பிள் இலைகளின் சிவப்பைப் பார்த்துப் பயந்து ஒருமுறை தீயணைப்பு வண்டியே ஓடிவந்தது என்று லைமன் அடித்துச் சொல்வார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள ஊருக்கே தெரியும்.

மாவுக்குள் ஆப்பிளை வைத்துத் தன் அம்மா சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தைப் பற்றி மட்டும் எதையும் கழிக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அதை அடுப்பிலிருந்து எடுத்தால் பக்கத்து ஊர் நாய்களெல்லாம் வாசலில் வரிசை கட்டுமாம். பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியில் விட்டு ஓடிவருவாராம். அம்மா போய் முப்பது வருடம். கண்ணை மூடுவதற்குள் அந்த ருசி இன்னொரு தரம் நாக்கில் படவேண்டும், அதுதான் லைமனின் ஒரே ஆசை.

குறுக்கே நின்றவர் தம்பி மெரிட். அம்மா அதில் போட்டது சிவப்பு மெக்கின்டாஷ் ஆப்பிள் என்பார் லைமன். பச்சை கிரீனிங் என்பார் மெரிட். எப்படித் தெரியும் என்று கேட்டால் இருவருமே உதட்டைப் பூட்டிக்கொள்வார்கள். வருடந்தோறும் இரண்டு குடும்பமும் ஹாஸ்கின்ஸ் தோட்டத்துக்குப் போய், ஆளுக்கொரு மரத்தில் பறித்துவரும். லைமனின் மனைவி அடெல் தனித்தனியாக இரண்டு சுட்டுத் தருவாள். அண்ணனுடையது குழைந்து கஞ்சியாகும். தம்பியுடையது வேகாமல் பல்லைக் கழற்றும்.

இந்த வருடமும் தோட்டத்துக்குள் ஏற்றிப்போகும் வைக்கோல் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

"டேய் மெரிட், ரம்பம் கொண்டாந்தியா? உன்னோடத அறுக்கணுமே!"

"உன்னோடத உறிஞ்ச ஸ்ட்ராதான் கொண்டாந்தேண்ணே."

பேரப்பிள்ளைகள் டோனட் நிறைந்த வாயோடு சிரித்தார்கள்.

லைமன் ஆப்பிளை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் திருகினார். வெடுக்கென்று இழுத்தால் அடுத்த வருட மொட்டும் கூடவே போய்விடும். அப்படி இழுத்தால் அம்மா கையிலேயே ஓர் அடி போடுவாள். உதிர்ந்து கிடந்த பழங்களின் புளித்த வாசனை எழுந்தது. கிளைமேல் சிறுவனாக அவர், எதிர் மரத்தில் மெரிட், நடுவே ஏப்ரனை விரித்துப் பிடித்தபடி அம்மா. ஒரு கணம் எல்லாம் அங்கேயே இருந்தது.

வீடு திரும்பியதும் அடெல் இரண்டு கூடையையும் ஒரே பாத்திரத்தில் கவிழ்த்தாள்.

"அய்யய்யோ, என்ன பண்றே?"

"என் முட்டிக்கு வயசாயிடுச்சுங்க. இனிமே ஒண்ணுதான். பிடிக்கலன்னா அண்ணனும் தம்பியும் பட்டினி கிடங்க."

மாலையில் முதிர்ந்த செடார் சீஸ் துண்டோடு தட்டு வந்தது. முகத்தைச் சுளிக்கத் தயாராகி லைமன் ஒரு வாய் வைத்தார். கரைந்து குழைந்த சிவப்புக்குள் பச்சை மெல்லப் பல்லில் இடறியது. அம்மா சுட்ட அதே ருசி. நாய்கள், பாதிரியார், ஒன்றும் அவர் வாயில் வரவில்லை.

மெரிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணே... அம்மா என் காதுல சொல்லுவா. 'உன் ஆப்பிள்தான்டா போட்டிருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதே, அழுவான்'னு."

லைமன் தம்பியை வெறித்துப் பார்த்தார்.

"எங்கிட்டயும் அதேதான்டா சொன்னா. 'தம்பி அழுவான்'னு."

"அடப்பாவிங்களா!" அடெல் கரண்டியை மேசையில் போட்டாள். "இத ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருந்தா, நான் இத்தன வருஷம் ரெட்டை வேலை பாத்திருப்பேனா?"

"சொல்லமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேனே" என்றார்கள் இருவரும், ஒரே குரலில், ஒரே நேரத்தில் தட்டை நீட்டியபடி.