கைப்பிடி வேண்டாத ஆட்டக்காரன்

ஷெர்வின் ஹேல் கல்லூரியில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பேர் வாங்கியவன். 1903 நவம்பரில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக எங்கள் ஒஹாயோ உருக்காலை அவனைக் காசு கொடுத்து ரயிலில் வரவழைத்தது. மீதிப் பத்துப் பேரும் ஆலைக்காரர்கள். அணியில் இருக்கும்வரை எங்களுக்கு வெளிமுற்றத்தில் வேலை. இல்லையென்றால் உலை. பக்கத்து ஊரிடம் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

உடை மாற்றும் கொட்டகையில் ஹேல் முதலில் கண்ணாடியைத் தேடினான். மண்டைக்குக் காப்பாக நாங்களும் முடி வளர்த்திருந்தோம். அவன் எண்ணெய் தடவி வாரியிருந்தான்.

என் மச்சான் பியூ ஊசியும் ஒரு தோல் கைப்பிடியும் கொண்டுவந்தான். எங்கள் எல்லோர் கால்சட்டை இடுப்பிலும் அது உண்டு. பந்தோடு ஓடுகிறவன் மாட்டிக்கொண்டால் கூட்டாளி அதைப் பிடித்து முன்னால் இழுப்பான்.

“கழட்டிக் கொடுங்க சார், தைச்சுத் தர்றேன்.”

“நான் என்ன பயணப் பெட்டியா?”

“பெட்டின்னா உள்ள ஏதாவது இருக்குமே சார்.”

நாங்கள் சிரித்தோம். ஹேல் வகிடு எடுத்துக்கொண்டிருந்தான்.

“இங்க இழுத்துட்டுப் போவீங்க. நாங்க ஓடுவோம்” என்றான்.

ஓடினான். ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்து ஓடினான்.

பந்து வைத்திருப்பவன் தன் வாயால் ‘விழுந்துட்டேன்’ என்று சொன்னால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பியூ மூன்று பேரை முதுகில் சுமந்து தவழ்வான், சொல்ல மாட்டான். ஹேலின் சட்டைக் கையை யாராவது தொட்டாலே போதும்.

கடைசி முயற்சி. பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் வெற்றி. எதிரணியை நாங்கள் மொத்தமாகச் சரித்துப்போட்டிருந்தோம். ஹேல் எங்கள் கால்களில் தடுக்கிச் சேற்றில் குப்புற விழுந்தான். கோடு ஒரு முழத் தூரம். அவன்மேல் எதிரி விரல் ஒன்றுகூட இல்லை. நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தேன். கையை நீட்டி அவன் இடுப்பைத் துழாவினேன். பிடிக்க ஒன்றுமில்லை. முடி இருந்தது. கையில் சுற்றி இழுத்தேன்.

“விழுந்துட்டேன்” என்றான் ஹேல். திருத்தமான உச்சரிப்பு.

நடுவர் ஊதினார்.

“அது என் கைடா” என்றேன்.

“சொந்த ஆள் எவனாவது முடியைப் பிடிச்சு இழுப்பானா?”

“வேற எதைப் பிடிக்கச் சொல்ற?”

அவன் சீப்பைத் தேடிப் போனான். எட்டுப் பேர் சேர்ந்துதான் ஹேலை நிறுத்த முடிந்தது என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. அதற்குள் அவன் ரயிலேறிப் போயிருந்தான்.

திங்கட்கிழமை பியூவும் நானும் உலை முன்னால் நின்றோம். மதியத்துக்குள் என் புருவம் கருகிவிட்டது.

“சொல்லிப் பாரேன் மச்சான்” என்றான் பியூ. “விழுந்துட்டேன்னு. நிறுத்துறாங்களான்னு பாப்போம்.”

நான் சுண்ணாம்புக்கல்லை அள்ளி உள்ளே எறிந்தேன்.