கதவில் தொங்கிய சிவப்புத் துணி

பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். முன்படிக்கட்டில் நின்று ஒரு சத்தம் போட்டால், கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவன் எழுந்து டிக்கெட் எடுப்பான். அப்பேர்ப்பட்டவனைச் சொந்த வீட்டிலேயே கிசுகிசுக்க வைத்துவிட்டாள் என் மகள்.

அவளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னபோது அவளைவிட நான்தான் துள்ளிக் குதித்தேன். அவள் அம்மா போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இனிமேல் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை என்று மனக்கோட்டை கட்டினேன்.

பொய் சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கூட்டத்தில் இடிபட்டு வாடிய முகத்தோடு வந்துகொண்டிருந்த பெண், மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய தலைவலி மாத்திரைகள் டப்பாவிலேயே கிடந்து காலாவதியாயின.

பிறகு அந்த வேலை மெல்ல மெல்ல வீடு முழுக்கக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. மதியச் சாப்பாடு கம்ப்யூட்டர் முன்னால் போனது. சாயங்காலம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. அப்பாடா என்று எழுந்து வருவாள், உள்ளே ஏதோ 'டிங்' என்னும், வந்த வழியே திரும்பிவிடுவாள். அந்த டிங்குக்கு இருந்த மரியாதையில் பாதிகூட எனக்கு இல்லை.

இதில் என் குரல் வேறு. ஒருநாள் அவள் மேலதிகாரிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, குளியலறையிலிருந்து "அம்மாடி, சோப்பு தீர்ந்துபோச்சு!" என்று கூப்பிட்டுவிட்டேன். அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. உடனே சட்டம் வந்தது. சமையலறையில் சூடான பாத்திரம் இறக்குகிற சிவப்புத் துணியை எடுத்து வந்து அவள் அறைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டாள்.

"அப்பா, இது தொங்கினா நான் மீட்டிங்ல இருக்கேன். தட்டாதீங்க, கூப்பிடாதீங்க, ப்ளீஸ்."

"ரெட் சிக்னல்னு சொல்லு. அதை மதிக்க எனக்குத் தெரியாதா?"

மதித்தேன். ரேடியோவை மூடி வைத்தேன். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினேன்.

போன வாரம் கம்பெனி கேட்டது: ஆபீஸுக்குத் திரும்பி வருகிறாயா, நிரந்தரமாக வீட்டிலேயே இருக்கிறாயா?

"வீடுன்னே எழுதிடப் போறேன்ப்பா. உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" என்றாள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் போனால் வீடு வெறிச்சோடிவிடும். இருந்தாலோ இந்தக் கிசுகிசுப்புதான். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

பதில் அனுப்ப வேண்டிய அன்று மதியம் டீக்குப் பால் வைத்தேன். பொங்கி வந்தது. இறக்கத் துணியைத் தேடினால், அது கதவில் தொங்குகிறது. அந்தச் சிக்னலைப் பார்க்க வீட்டில் என்னைத் தவிர ஆளே இல்லை. ஆனாலும் அதில் கை வைக்க மனசு வரவில்லை. சட்டை நுனியால் பிடித்தேன், வழுக்கியது, கொதிக்கிற பால் கையில் கொட்டியது. தொண்டை வரை வந்த கத்தலை இன்னொரு கையால் வாயைப் பொத்தி அடக்கினேன்.

கையைத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு, அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் முதலில் என்னைப் பார்க்கட்டும் என்றுதான். சின்னப்பிள்ளைத்தனம்தான், இருக்கட்டுமே.

ஜன்னலில் வெயில் இறங்கிய பிறகு கதவு திறந்தது. தலை கலைந்து, கன்னத்தில் சட்டைக் கையின் மடிப்பு பதிந்து நின்றாள்.

"மீட்டிங் முடிஞ்சுதாம்மா?" கிசுகிசுத்தேன்.

"அது எப்பவோ முடிஞ்சுதேப்பா. அப்படியே மேஜையில அசந்து தூங்கிட்டேன். துணியை எடுக்க..." என்றவள் வாளியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

மருந்து போடும்போது அவள் கண்ணீர் என் முழங்கையில் விழுந்தது. "ஒரு குரல் கொடுக்க வேண்டியதுதானேப்பா! இதுக்காகத்தானே நான் வீட்டுலயே இருக்கேன்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ எங்கடி வீட்டுல இருக்கே? ஆபீஸ் போனப்போ சாயங்காலமானா வீட்டுக்கு வருவே. செருப்பைக் கழட்டறதுக்குள்ள அன்னிக்கு நடந்த கதையில பாதி சொல்லி முடிச்சிருப்பே. இப்போ நீ போறதும் இல்ல, வர்றதும் இல்ல!"

அவள் என் கையை ஊதிக்கொண்டே இருந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயே கிழவா, இனி ஆபீஸ் என்றுதான் எழுதப் போகிறாள் என்று உள்ளுக்குள் நடுங்கினேன். ராத்திரி அவள் பதில் அனுப்பியபோது, என்ன எழுதினாள் என்று கேட்கத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் சிவப்புத் துணி அடுப்பு மேடைக்குத் திரும்பியிருந்தது. அறைக் கதவு பாதி திறந்தே இருந்தது.

சாயங்காலம் அவள் தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பைப் போட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பழைய கைப்பை, பழைய செருப்பு. ஆபீஸுக்கு இப்போதே பழகிக்கொள்கிறாள் போல. ரேடியோ பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், போடத் தோன்றவில்லை.

காலிங் பெல் அடித்தது.

திறந்தால் அவள்தான். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்பா, ஆபீஸ் முடிஞ்சு வந்துட்டேன்."

"எந்த ஆபீஸ்டி?"

"நம்ம வீட்டு ஆபீஸ்தான். வீடுன்னுதான் எழுதியிருக்கேன். ஆனா தினமும் இப்படி வந்துடுவேன்."

உள்ளே டிங் என்றது. அவள் கண் அந்தப் பக்கம் போனது, கால் வாசற்படியிலேயே நின்றது. நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, எதிர் வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்கு ஒரு சத்தம் போட்டேன்.

"படியில நிக்காதே! உள்ள வா, உள்ள வா!"

செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதையை ஆரம்பித்துவிட்டாள்.