பாதி தைத்த கொடி

ருகையாவின் தையல் கடையில் ஜாக்கெட் தைக்க மாட்டார்கள். தெரியாமல் அளவு ஜாக்கெட்டோடு வந்து நிற்கும் பெண்களை, "இங்கன தோணிக்குத்தான் உடுப்பு தைப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள் இரண்டாவது மெஷினில் உட்காரும் சந்தனச்செல்வி. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், தோணி உரிமையாளர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது கடை. சரக்கை மூடுகிற தார்ப்பாய், கிழிந்த பாய்மரத் துணி, அப்புறம் கொடிகள். சரக்குத் தோணி எந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்த நாட்டுக் கொடியை மரியாதைக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைவது கடல் வழக்கம். கொழும்புக்கு ஒரு கொடி, மாலத்தீவுக்கு ஒரு கொடி. பதினாறு வருடமாக இந்தக் கரைத் தோணிகளுக்கு அந்த மரியாதையைத் தைத்துக் கொடுப்பவள் காயல்பட்டணத்து ருகையாதான்.

மாலத்தீவுக் கொடி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சுற்றிலும் சிவப்பு, நடுவில் பச்சைக் கட்டம், பச்சைக்கு நடுவில் வெள்ளைப் பிறை. ருகையா முதலில் பச்சைத் துணியில் பிறையை வைத்துத் தைத்துவிடுவாள். சாக்பீஸ் கோடு போக அலசிக் கடை வாசல் கயிற்றில் காயப்போடுவாள். காய்ந்த பிறகுதான் சிவப்பை ஒட்டுவது. ஜனவரி இரண்டாம் வாரம் அப்படித்தான் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, பச்சையும் பிறையுமாக.

வடக்கே எல்லையில் குண்டு வெடித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. டீக்கடையில்கூட ஆளாளுக்குத் தளபதியாக இருந்த நேரம். எதிர்ச் சாரியில் செல்போன் கடை வைத்திருக்கும் பாண்டித்துரை அந்தத் துணியைப் பார்த்தான். கெட்ட பையன் இல்லை. ருகையாவின் போனுக்கு அவன்தான் கண்ணாடி ஒட்டிக் கொடுப்பான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தன் கடைக்குள் நின்றபடியே படம் எடுத்து, "நம்ம ஊரிலேயே எதிரி நாட்டுக் கொடி தயாராகிறது" என்று எழுதி அனுப்பிவிட்டான். சாலை பதினைந்து அடி அகலம். அதைத் தாண்டி வந்து ஒரு வார்த்தை கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலத்துக்குள் அது ஊரைச் சுற்றிச் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டும் அவள் புருஷன் மூஸாவின் போனுக்கே போய்விட்டது.

"ஏளா ருகையா, மாலத்தீவுக் கொடின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். என்ன வீம்பு?" என்றான் மூஸா.

"கேட்டாச் சொல்லுவேன். எவன் கேட்டான்? தீர்ப்பு எழுதிட்டுலா அனுப்பியிருக்கான்."

"ஊர் வாயை மூட முடியுமா?"

"முடியாதுல்லா, பின்ன நான் எதுக்கு வாயத் திறக்கணும்?" என்று போனை வைத்தாள். பயந்தது உண்மை. பயத்தைவிடக் கோபம் ஒரு முழம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சங்கச் செயலாளர் எபனேசர் படி இறங்கி வந்தார். நாசரேத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். உலகத்தில் யார் மனமும் புண்படக்கூடாது என்று நினைக்கிறவர். அதனால் யார் பக்கமும் நின்று பழக்கம் இல்லை. 'முஸ்லிம்' என்ற வார்த்தையைக்கூட அவர் வாயால் சொல்ல மாட்டார், 'சிறுபான்மைச் சகோதரர்கள்' என்பார். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக்கூடாது அவருக்கு. கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

"நானே அழகா எழுதிட்டு வந்திருக்கேம்மா. இதை வாசிச்சு ஒரு வீடியோ குடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

ருகையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். 'சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த சகோதரியாகிய நான் என் தாய்நாட்டை உயிரினும் மேலாக நேசிக்கிறேன். படத்தில் உள்ளது மாலத்தீவுக் கொடி. எதிரி நாட்டுக் கொடியை நான் கையாலும் தொட மாட்டேன். யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.' கீழே கையெழுத்துக்குக் கோடு வேறு.

"சார், அது என்ன கொடின்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாம இருக்குமா?"

"அப்ப நீங்களே சொல்லலாம்லா?"

எபனேசர் மேஜைமேல் இருந்த நூல்கண்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "சங்கம் சொன்னா ஒரு பக்கம் சாயுதுன்னு பேச்சு வரும். நீங்க சொன்னாத்தான் பொருத்தமா இருக்கும்."

"போன மாசம் இதே மாதிரிக் கொடிய மனுவேல் தோணியில ஏத்திக்கிட்டு மாலேக்குப் போயிட்டு வந்தான். அவன்கிட்ட இப்படி ஒரு தாள நீட்டினீங்களா? 'தாய்நாட்ட நேசிக்கிறேன்'னு அவன் எழுதித் தரணுமா?"

"அவர் விஷயம் வேற இல்லையாம்மா."

"என்ன வேற?"

அவர் மறுபடியும் நூல்கண்டை எடுத்தார். சொன்னால் யார் மனமாவது புண்படும் அல்லவா.

"இன்னொண்ணு சார். கையால தொட மாட்டேன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கே சமாதானமாகி, அந்த நாட்டுக்கு வெங்காயம் ஏத்திட்டுப் போங்கன்னு நம்ம அரசாங்கமே ஒரு தோணிக்கு உத்தரவு குடுத்தா கொடிய யாரு தைப்பா? நான்தான் தைப்பேன். தையக்காரிக்கு அளவுதான் தெரியும். இந்தப் பொய்ய நான் வாசிக்க மாட்டேன்."

தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கமிட்டி முடிவு என்று ஒன்றைச் சொன்னார். இருபத்தஞ்சாம் தேதிக்குள் வீடியோ வராவிட்டால் மாதக் கடைசியில் கடையைக் காலி செய்ய வேண்டும். அப்புறம், குடியரசு தினத்துக்குச் சங்க முற்றத்தில் ஏற்றுகிற கொடியை இந்த வருடம் வெளியே வாங்கிக்கொள்கிறார்கள்.

"கட்டுறதுக்கும் வேற ஆள் பாத்தாச்சும்மா. தற்காலிகமாத்தான்."

கடை போகும் என்றபோது வராத கண்ணீர் இதற்கு வந்தது. பதினாறு வருடமாக அந்த மூவர்ணக் கொடியை அவள்தான் தைத்தாள். விடியலில் மடித்து, உள்ளே பூவிதழ் வைத்து, கம்பத்தின் உச்சியில் ஒரே சுண்டலில் அவிழும்படி முடிச்சுப் போடுவதும் அவள்தான். அதற்காக யாரும் அவளை மேடைக்கு அழைத்ததில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. அது அவள் வேலை. எபனேசர் பார்க்கும்போது அழுதுவிடக் கூடாது என்று மெஷினை வேகமாக மிதித்தாள். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை.

இருபத்தஞ்சாம் தேதி வந்தது, போனது. வீடியோ போகவில்லை.

குடியரசு தினத்தன்று காலை பத்து மணிக்கு மனுவேலின் தோணி 'அன்னம்மாள்' மாலேக்குப் புறப்பட வேண்டும். மனுவேல் அதன் தண்டல், அதாவது தலைவன். பிறைக் கொடி இல்லாமல் அங்கே போனால் துறைக்குள் விடமாட்டார்கள். அவனுடைய பழைய கொடி போன பயணத்தில் காற்றில் கிழிந்துவிட்டது; இரவல் கேட்கலாம் என்றால் மற்றத் தோணிக்காரர்கள் எல்லாம் பயந்து அந்தக் கொடியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்கள். முந்தின நாளே மனுவேல் வந்து, "ருகையாக்கா, உங்களை விட்டா நாதி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ருகையா சிவப்பை ஒட்டி, ஓரம் அடித்து, இஸ்திரி போட்டு முடித்தாள்.

"பையில வச்சுக் கொண்டு போவோம்க்கா," என்றாள் சந்தனச்செல்வி. "வெளிய ஒரே கூட்டமா இருக்கு."

"என்னைக்காவது பையில வச்சுக் கொண்டு போயிருக்கேனா?"

கொடியை நாலாக மடித்து இடது கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கடைக்கு அடுத்துத்தான் சங்க முற்றம். நூறு பேர் நின்றார்கள். மேஜையில் மக்ரூன் இனிப்புப் பெட்டி அடுக்கியிருந்தது. சிறப்பு விருந்தினர், துறைமுகத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி, கயிற்றைப் பிடித்து நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் பாண்டித்துரை. கொடி கட்டச் சங்கம் பார்த்துவைத்த வேறு ஆள் அவன்தான்.

அதிகாரி கயிற்றைச் சுண்டினார். அவிழவில்லை. இரண்டாம் தடவை சுண்டினார். மூன்றாம் தடவை பாண்டித்துரையும் சேர்ந்து இழுத்ததில் பூ கொட்டி, கொடி விரிந்தது. கைதட்டல் எழுந்து பாதியில் நின்றது. பச்சை மேலே இருந்தது, காவி கீழே தொங்கியது.

அப்புறம் ஒவ்வொரு கையாகப் போன் மேலே எழும்பியது. பாண்டித்துரையின் முகத்தில் ஈயாடவில்லை. இப்படி ஒரு படம் ஊரைச் சுற்றினால் என்ன ஆகும் என்று அங்கே அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது.

ருகையா கையில் இருந்த கொடியைச் சந்தனச்செல்வியிடம் கொடுத்தாள். யாரையும் கேட்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கம்பத்துக்குப் போனாள்.

"போனை இறக்குங்க எல்லாரும். கொடி தலைகீழாத் தொங்குது, படம் எடுத்துட்டு நிக்கீங்க."

வாத்தியார் அதட்டின வகுப்புப் போலப் போன்கள் இறங்கின. பாண்டித்துரை கிட்டே வந்து, "அக்கா, சத்தியமா நான் வேணும்னு செய்யல" என்றான்.

"தெரியும்ல. கயித்து முனைய மாத்திக் கட்டியிருக்க. விடு."

கொடியைத் தரையில் படாமல் இறக்கித் தோளில் வாங்கிக்கொண்டாள். கடையில் வாங்கிய பாலியஸ்டர், ஓரத் தையல் இப்போதே பிரிந்திருந்தது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. முனையை மாற்றி, மடித்து, கீழே கிடந்த பூவிதழ்களில் ஒரு கை அள்ளி உள்ளே வைத்து, முடிச்சுப் போட்டு ஏற்றினாள். "இப்ப இழுங்க சார்," என்றாள் அதிகாரியிடம். ஒரே சுண்டலில் அவிழ்ந்தது. எல்லோரும் தேசிய கீதம் பாடினார்கள். ருகையாவும் பாடினாள். பள்ளிக்கூடத்தில் இருந்தே அவளுக்குச் சுருதி சேராது, அன்றும் சேரவில்லை.

பாட்டு முடிந்ததும் எபனேசர் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, அறிக்கையே வேண்டாம். இது போதும்." தன் போனைக் காட்டினார். எல்லோரும் போனை இறக்கியபோது அவர் மட்டும் இறக்கவில்லை போல. அவள் கம்பத்துக்கு நடந்தது, கொடியைத் தோளில் வாங்கியது, முடிச்சுப் போட்டது எல்லாம் இருந்தது. "'தேசியக் கொடியைக் காத்த சிறுபான்மைச் சகோதரி'ன்னு போட்டா, கமிட்டியில ஒருத்தர் வாயத் திறக்க மாட்டாங்க. கடை உங்களுக்குத்தான். நான் பொறுப்பு."

ருகையா தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு வருடக் கடை. அவள் அதை விரும்பவில்லை என்று யாராவது சொன்னால் பொய். எபனேசர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார் என்பதும் தெரிந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அழிங்க சார்."

"உங்களுக்கு நல்லதுதானம்மா..."

"கயிறு மாறியிருந்துச்சு, தையக்காரி சரிபண்ணினா. சந்தனச்செல்வி போய்க் கட்டியிருந்தா நீங்க போனை எடுத்திருப்பீங்களா? அன்னைக்கு ஒருத்தன் என்னைக் கேக்காமத் துரோகின்னு படம் போட்டான். இன்னைக்கு நீங்க என்னைக் கேக்காம உத்தமின்னு போடப் பாக்கீங்க. கொடி என் கொடி. தலைகீழாத் தொங்கினா நான் இறக்குவேன். அதுக்கு எனக்கு எவனும் சர்ட்டிபிகேட் தர வேண்டாம்."

"கடை, அம்மா..."

"மாசக் கடைசிக்கு அஞ்சு நாள் இருக்கு. சாவிய வாங்கிக்கோங்க. துறைமுக வாசல் வேப்பமரத்தடியில மெஷினப் போட்டுத் தைப்பேன். தோணிக்காரன் அங்கன தேடி வருவான். இப்ப அழிங்க."

எபனேசர் கூட்டத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்து போனைத் தடவி அழித்தார்.

"அழிச்சது அதுக்குள்ளயே ஒரு குப்பைத் தொட்டியில கிடக்கும் சார். அங்கனயும் அழிச்சிருங்க," என்றாள் சந்தனச்செல்வி. அவர் அங்கேயும் அழித்தார்.

மணி ஒன்பதரை ஆகியிருந்தது. ருகையா பிறைக் கொடியைத் திரும்ப வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் முழுசாக விரித்தாள். சிவப்பும் பச்சையும் பிறையும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. ஓரத் தையலை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, விரித்தபடியே கையில் போட்டுக்கொண்டு தோணிப் பக்கம் நடந்தாள். யாரும் மறிக்கவில்லை.

சாலையில் பாதி தூரம் போனபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாண்டித்துரை.

"அக்கா. இது எந்த நாட்டுக் கொடி?"

ருகையா நின்றாள். "அன்னைக்கு ரோட்டைத் தாண்டி வந்து இதைக் கேட்டிருந்தா, ஒரு டீயும் வாங்கிக் குடுத்துப் பதில் சொல்லியிருப்பேன்ல."

அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

"கொடி நீளமா இருக்கு. அந்த முனையப் பிடி. மனுவேல்கிட்ட போய்க் குடுப்போம். எந்த நாடுன்னு அவன்கிட்ட கேட்டுக்கோ."

பாண்டித்துரை சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"என்னல பாக்க? எவனாவது படம் எடுப்பான்னா?"

அவன் முனையைப் பிடித்தான். தாழ்த்திப் பிடித்ததில் துணி தழைந்தது.

"தூக்கிப் பிடில," என்றாள் ருகையா. "தரையில படக்கூடாது. எந்த நாட்டுக் கொடியா இருந்தாலும்."