மாடி ஏறிய பீரங்கி

என் வீட்டுக்காரர் இருதயநாதன் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் தவக்காலத்தில்.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். "தண்ணிக் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது. தையல் விட்டுச்சுன்னா அடுத்த தடவை இம்புட்டு லேசுல முடியாது" என்று டாக்டர் சொன்னபோது, அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து குடம், சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் என் பொறுப்பு. ராத்திரி அவர் லேசாக முனகினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

தொல்லை முன்னறையில் நின்றுகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு இவர் வாங்கிய டெலஸ்கோப். வெந்நீர் கெய்சர் தடிமனில், என் தோள் உயரத்துக்கு ஒரு குழல். அதைத் தாங்குவதற்குச் சுழலும் மரப் பீடம் ஒன்று. நான் அதைப் பீரங்கி என்றுதான் சொல்வேன். மாடிக்குத் தூக்குவதற்கே தனி சாஸ்திரம் வைத்திருந்தார். முதலில் பீடத்தைக் கொண்டுபோய் ஆடாமல் வைக்க வேண்டும். பிறகு வாட்ச், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கை வியர்வையைத் துடைத்துவிட்டு, குழலைக் கைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏற வேண்டும். கண்ணாடி அடியில் இருப்பதால் கனமெல்லாம் அங்கேதான். இந்தச் சாஸ்திரம் எல்லாம் இனி மூன்று மாதத்துக்குக் கிடையாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

சாம்பல் புதன் பூசை முடிந்து வந்த அன்றுதான் முதல் சந்தேகம். பீடத்தின் ரப்பர்க் கால்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வெயிலுக்காக மொட்டை மாடியில் அடித்த கூலிங் பெயின்ட்.

"மாடிக்குத் தூக்குனீங்களா?"

"நான் தூக்கலை."

"அப்ப, பீரங்கி தானா நடந்து போச்சா?"

"நான் தூக்கலைன்னு சொல்றேன்ல" என்று பேப்பருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். இவர் பேப்பருக்குள் ஒளிந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சட்டையைத் தூக்கித் தையலைப் பார்த்தேன். சிவக்கவில்லை, வீங்கவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போய்விட்டு வந்தால், குழலின் உறைக்கயிறு வேறு மாதிரி கட்டியிருந்தது. இவர் கட்டினால் ஒரு இழுப்பில் அவிழும். இது மூட்டைக்குப் போடுகிற முடிச்சு, என் நகமே உடைந்தது. இவர் பக்கத்தில் போனால் வாயில் புதினா வாசம், பூண்டு வாசம். கறி தொடாத ஒருசந்தி நாளில் நான் வைத்துவிட்டுப் போனது தயிர்சோறும் ஊறுகாயும். ஆக, பாரம் தூக்குவது போதாதென்று கடையிலும் வாங்கித் தின்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்றால் எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாஸ் பாய் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருக்கிறார். அவர் வீடு கட்டும்போது சன்ஷேடு ஒரு சாண் எங்கள் பக்கம் நீண்டது. நான் மாநகராட்சி வரை அலைந்து இடிக்க வைத்தேன். ஒரு சாண்தானே என்றார் இவர். ஒரு சாண் என்றாலும் அது என் சாண். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வீட்டு ஆட்கள் எதிரே வந்தால் நான் கரண்ட் கம்பியைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

மறு வெள்ளிக்கிழமை கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினேன். "கோயிலுக்குப் போய்ட்டு வாரேன். வர எட்டாகும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "அவசரமில்ல, நல்லா வேண்டிட்டு வா" என்றார். இவ்வளவு பெருந்தன்மை இவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

கோயிலில் முழங்காலில் நின்றேனே தவிர, மனசு வீட்டு மாடிப்படியில்தான் நின்றது. இயேசு இரண்டாம் முறை தரையில் விழுகிறார் என்று சாமியார் வாசித்தபோது, எனக்கு விழுந்து கிடக்கிற இவர்தான் தெரிந்தார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வெளிப்படிக்கட்டில் விளக்கை அணைத்திருந்தார்கள். மாடியில் பேச்சுக்குரல். கீழேயே நின்று காதைத் தீட்டினேன்.

"கஞ்சி ஆறுது, குடிங்க சார். வெள்ளிக்கிழமைன்னு ஒங்களுக்காகக் கறி போடாம வைக்கச் சொன்னேன்." அப்பாஸ் பாய் குரல்.

"அன்னைக்கு நீங்க நோன்புப் பிறை தேடி ஒங்க மாடிக்கு வரலைன்னா, இது மூலையிலேயே கெடந்திருக்கும் பாய்."

"அதுக்கென்ன சார். எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு, அவங்களும் வந்துருவாங்க. எறக்கிருவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வீட்டு மாடியில், எனக்குத் தெரியாமல், அந்த ஆளோடு நோன்புக்கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். மேலே ஏறிப் பிடிபிடி என்று பிடிக்கலாம் என்று இரண்டு படி வைத்தேன். அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பாஸ் பாய் குழலைக் கட்டிப்பிடித்து வந்தார். முகத்திலிருந்து முழங்கால் வரை குழல் மறைத்ததால் அவருக்குக் கால் வைக்கிற இடம் தெரியவில்லை. இவர் அவருக்கு முன்னால், கீழ்ப்படியில், பின்பக்கமாக இறங்கிக்கொண்டே "படி… படி…" என்று சொல்லி வந்தார். தாங்கிப் பிடிக்கிறவர் மாதிரி ஒரு கையை வேறு உயர்த்தி வைத்திருந்தார். பாய் வழுக்கினால் அந்தப் பாரமும் ஆளும் சேர்ந்து விழுகிற இடம் இவருடைய வயிறுதான்.

கோபமெல்லாம் எங்கே போனதோ. ஏறிப்போய் இவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துச் சுவரோரமாக இழுத்துவிட்டேன்.

"ரோசலின், நான் தூக்கலை" என்றார்.

"பேசாம நில்லுங்க."

இவர் நின்ற இடத்தில் நான் ஏறி நின்றேன். "எறங்குங்க பாய். படி" என்றேன்.

அவர் இறங்கவில்லை. வலது கால் படிக்கு மேலேயே நின்றது. பகலெல்லாம் பச்சைத்தண்ணீர் குடிக்காத உடம்பு. நழுவப் பார்த்த குழலை ஏற்றிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் அந்தக் கால் கீழே வரவில்லை.

"சார்" என்றார் அப்பாஸ் பாய், "அங்ஙன படி இருக்கா?"

நான் படியைக் காட்டி நிற்கிறேன். அவர் இவரைக் கேட்கிறார். என் வாய் வார்த்தையை நம்பிக் கால் வைக்க ஒரு மனுஷன் பயப்படுகிறான் என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இவர் மேல் நான் பட்ட சந்தேகமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது.

சுவரோரத்திலிருந்து இவர் சொன்னார். "இருக்கு பாய். அவ சண்டை போடுவா. பொய் சொல்ல மாட்டா."

கால் இறங்கியது.

அடுத்த படிக்கு அவர் யாரையும் கேட்கவில்லை. நான்தான் குனிந்து, ஒவ்வொரு படியையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.