பூச்சி இல்லாத தண்ணீர்

கிருஷ்ணவேணி ஊருக்கு மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறவள். செஞ்சிப் பக்கத்து மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் ஊர்க் கிணற்றுக்கு ஊற்று. பன்னிரண்டு வருடமாக அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. குழாயில் கூனி இறால் வருகிறது, புழு நெளிகிறது, நீயெல்லாம் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் சளைக்காமல் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவாள்.

இந்த வருடம் தை பிறந்ததிலிருந்து ஒரு பூச்சி இல்லை. தண்ணீர் பளிங்குபோல் வந்தது. கிராம சபையில் அவளுக்குக் கை தட்டினார்கள். மனுஷி பூரித்துப் போனாள். போகாமல் என்ன செய்வாள், அதுவரை ஒருவரும் தட்டாத கை! மாசியில் மகள் கலைப்பிரியா மசக்கையோடு தாய்வீடு வந்தாள். நல்ல தண்ணீர் இருக்கிற ஊரிலேயே பிரசவம் வரை இருக்கட்டும் என்று கிருஷ்ணவேணி அவளை நிறுத்திக்கொண்டாள்.

ஆவணியில் திண்டிவனத்தில் படிக்கும் சங்கவி என்ற பெண் ஓடைப் பூச்சிகளை எண்ண வந்தாள். கிருஷ்ணவேணி வழிகாட்டப் போனாள். போன வருடம் இதே இடத்தில் தட்டான் குஞ்சும் நத்தையுமாய் இருநூறுக்கு மேல் எண்ணினாளாம். இப்போது மதியம்வரை கல் கல்லாகப் புரட்டியும் ஒன்றுகூட இல்லை.

அதெல்லாம் தன் பவுடருக்கு ஓடிப்போய்விட்டது என்று பெருமையடித்தாள் கிருஷ்ணவேணி.

சங்கவி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க தொட்டியில போடுறது மலைமேல எப்பிடிக்கா ஏறும்?"

அட, ஆமாம்! இத்தனை மாதம் இது உறைக்கவே இல்லையே. இருவரும் ஓடையைப் பிடித்து மேலே ஏறினார்கள். புதர் மறைவில் புதிதாகப் போட்ட ஒரு தகரக் கொட்டகை. பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்கள். கழுவிய தண்ணீர் நேரே ஓடையில் விழுந்தது. கொட்டகையைத் தாண்டி ஓடையின் மேல்பக்கம் ஒரு கல்லைப் புரட்டினால் நத்தை, இறால், பூச்சி எல்லாம் உயிரோடு இருந்தன.

சங்கவி எடுத்துப்போன தண்ணீரில் ஈயம் அளவுக்கு மீறிப் பலமடங்கு இருப்பதாக மூன்று வாரம் கழித்து போன் வந்தது. கிருஷ்ணவேணி மோட்டாரை நிறுத்தினாள். ஊரே திரண்டது. ஊராட்சித் தலைவர் விருத்தாசலம் ஒரு சொம்பு மொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"புழு நெளிஞ்சப்ப குடிச்சோம். இவ்ளோ சுத்தமா வர்றப்ப விஷம்ன்றியே, உனுக்கு என்னா கிறுக்கா?"

எல்லோரும் பார்க்க அதைக் குடித்தும் காட்டினார். கிருஷ்ணவேணி மனுக் கொடுத்த ஆபீசில் வந்து பார்க்கிறோம் என்றார்கள், யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் வேறு ஆளை வைத்து மோட்டாரைப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் கிருஷ்ணவேணி சங்கவிக்கு போன் செய்தாள்.

"எம்பொண்ணுக்குப் பச்சத்தண்ணி குடுத்ததே இல்லம்மா. டெய்லி சீரகம் போட்டு, ரெண்டு சொம்பு ஒரு சொம்பாவுற வரைக்கும் சுண்டக் காய்ச்சித்தான் குடுத்துக்கினு இருந்தேன். அதுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"



"அக்கா... ஈயம் ஆவியாப் போவாது. தண்ணிதான் போவும். சுண்டச் சுண்ட, மிஞ்சினதுல அது ஜாஸ்தியாத்தான் சேரும்."

உள்ளே எட்டு மாத வயிற்றோடு படுத்திருந்த கலைப்பிரியா, தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டா என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.