கொலைகாரன் யாருன்னு மட்டும்

கல்யாணமான புதிதில் துப்பறியும் நாவல் கையில் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். என் வீட்டுக்காரர் குழந்தைவேல் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சங்ககிரியில் லோடு இறக்கிவிட்டு வரும்போது வாங்கி வருவார். வாங்கி வந்து என்ன பிரயோசனம்? வழியிலேயே கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவார். புத்தகத்தை நீட்டும்போதே, "கொலகாரன் அந்த டாக்டருதான் புள்ள" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார். மாமியாரும் கூடச் சேர்ந்து சிரிக்கும். கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அப்புறம் படிப்பதையே விட்டுவிட்டேன். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சந்தோஷம் அந்தப் படிப்புதான்.

பிற்பாடு லாரியை விற்றுப் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை போட்டோம். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து கைகால் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மிச்சம். பண்ணையை நான்தான் பார்க்கிறேன்.

புதுக் குஞ்சு இறக்கினால் தரையில் பழைய பேப்பர் விரிக்க வேண்டும். எடைக்கு வாங்கிய கட்டைப் பிரித்தபோது அட்டை இல்லாத துப்பறியும் நாவல் ஒன்று விழுந்தது. இரண்டு வரி பார்ப்போம் என்று எடுத்தவள், காலடியில் குஞ்சுகள் கத்தக் கத்த, குஞ்சுகளின் கதகதப்புக்குப் போட்ட பல்பு சூட்டில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதைவிட்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேனே என்று அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "என்னது அது? சத்தமாப் படி" என்றார். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக் காட்டினேன். மனுஷன் கண் கொட்டாமல் கேட்டார். "அந்த வக்கீலாத்தான் இருக்கோணும்" என்று தானே துப்புத் துலக்க ஆரம்பித்தார்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் ஷெட்டில் தனியாகப் படித்தேன். கொன்றது தோட்டக்காரன் பெண்டாட்டி. நான் நினைத்தே பார்க்கவில்லை. ஆனந்தமாக இருந்தது. அந்தத் தாள்களைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு விரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"கடைசிப் பக்கமெல்லாம் குஞ்சுக்கு விரிச்சாச்சுங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "நீ படிச்சிருப்பயே வசந்தாமணி. கொலகாரன் யாருன்னு மட்டும் சொல்லு சாமி."

ஊரில் எல்லோரையும் சாமி என்பவர், என்னை அன்றுதான் அப்படிக் கூப்பிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு இறங்கவில்லை.

"வக்கீலுதானுங்க" என்றேன்.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல!" கோணிய வாயோடு சிரித்தார். கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டேன். அடுத்த பேப்பர் கட்டிலும் நாவல் கிடைக்கும், அதையும் படித்துக் காட்டுவேன். நான் இருக்கும்வரை இவருக்கு ஒரு கொலைகாரனும் சிக்கப்போவதில்லை.