சந்தனப் பொட்டு வைத்த கன்ட்ரோலர்

நன்னிலம் கடைத்தெருவில் என் கம்ப்யூட்டர் சென்டரில் ஐந்து கம்ப்யூட்டர்கள். ஐந்திலும் விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான். ஏன் என்று கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வேன். "சும்மா கெடைக்குதுன்னா?" என்று இளிப்பவர்களுக்குப் பதில் கிடையாது. ஃபேனை நிறுத்திவிடுவேன்.

எங்கள் தெரு குந்தவை, வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்ட மகளிர் குழு தேர்ந்தெடுத்த பெண். திங்கட்கிழமை அவளுக்குத் தேர்வு. தவறினால் அந்த வாய்ப்பு பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போய்விடும். பழகுவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு ட்ரோன் விளையாட்டு இருக்கிறது. அதை ஓட்ட இரண்டு குச்சிகள் உள்ள கேம் கன்ட்ரோலர் வேண்டும். "பூர்ணிமாக்கா கடையில பழகிக்கிறேன்" என்று குழுவில் சொல்லிவிட்டு என்னிடம் வந்துவிட்டாள்.

கன்ட்ரோலரை வாங்கி வந்து செருகினால் லினக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அந்தக் கன்ட்ரோலர் தன்னை செல்போனில் செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. நடுப் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி அதைத் தெளியவைத்தேன். அதைத் தொட விளையாட்டுக்கு அனுமதி கொடுத்து ஒரே ஒரு வரி எழுதினேன். திரையில் ட்ரோன் எழும்பியபோது குந்தவை கைதட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயுத பூசை வந்தது. அதற்கு மறுநாள் ட்ரோன் தானாக இடது பக்கம் ஒதுங்கியது. குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் நிற்காமல் போய்த் தென்னந்தோப்பில் மோதியது. பத்து முறையும் அதே தோப்பு.

குந்தவையின் கணவர் வைரக்கண்ணு கதவோரம் நின்று சிரித்தார். "தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்கக் கூடாதுதான்க்கா. அதுக்காக ஏர்ல பூட்டலாமா?"

ஃபேனை நிறுத்தினேன்.

ஆனால் குந்தவை தலையைக் குனிந்துகொண்டு, "திருவாரூர்ல வேற சிஸ்டத்துல பழகிக்கட்டுமாக்கா?" என்றபோது நெஞ்சு எரிந்தது. தேர்வுக்கு இன்னும் மூன்றே நாள்.

"நாளைக்குக் காலையில வா. சரியாகலைன்னா நானே உன்னைத் திருவாரூருக்கு பஸ் ஏத்துறேன்" என்றேன்.

விளையாட்டை அழித்துத் திரும்ப ஏற்றினேன். எழுதிய வரியை நூறு முறை படித்தேன். எதிலும் பிழையில்லை. கடைசியில், கன்ட்ரோலர் அனுப்பும் எண்களை அப்படியே காட்டும் சின்ன நிரலைத் திறந்தேன். குச்சியைத் தொடாதபோது பூஜ்யம் வர வேண்டும். வலது குச்சிக்குப் பூஜ்யம்தான். இடதுக்கு மைனஸ் ஒன்பதாயிரம். லினக்ஸ் பொய் சொல்லவில்லை. குச்சிதான் உண்மையிலேயே சாய்ந்து நிற்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். குச்சியின் அடியில், பள்ளத்துக்குள், மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டித்திருந்தது.

சந்தனம்!

வைத்தது யார்? நான்தான். பூசையன்று மானிட்டர், மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, நம் செல்லத்துக்கு இல்லாமலா என்று கன்ட்ரோலருக்குக் கொழகொழவென்று தாராளமாக அப்பியிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரையெல்லாம் கிண்டல் செய்யும் வாய் இது.

பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துச் சுரண்டி எடுத்தேன். ஒன்பதாயிரம் நாலாயிரமானது, அப்புறம் எழுநூறு, அப்புறம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட மாதிரி என் மார்க் ஷீட்டைப் பார்த்துக்கூட நான் பட்டதில்லை.

காலையில் குந்தவையிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தேர்வு வரை தினமும் கடை திறக்கும் முன்பே வந்து நின்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கணவனும் மனைவியும் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தார்கள். "ஏர்ல பூட்டலாம்க்கா" என்றார் வைரக்கண்ணு. தேர்ச்சி!

குந்தவை கையில் கோயில் சந்தனம் இருந்தது. விரலில் தொட்டதும் நான் அலறிவிட்டேன். "கன்ட்ரோலர் பக்கம் போவாதடி!"

அவள் அதன் பக்கம் போகவில்லை. என் நெற்றியில் வைத்தாள்.

"ஆயுதத்துக்குத்தானேக்கா வைக்கணும்?"

கடை சாத்தும் வரை அதை நான் துடைக்கவில்லை. ஏன் லினக்ஸ் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அன்று நெற்றியை நிமிர்த்திப் பதில் சொன்னேன். இளித்தவர்களுக்கும்தான்.